ஏறாத ரயிலின் பணம்

ரயில் டிக்கெட்டை வாங்கிவிட்டுப் பயணம் போகாதவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ரத்துக்காகத் திருப்பிக் கொடுக்கப்படும் டிக்கெட்டை ரயில்வே நிர்வாகம் ரத்து செய்து, விதிகளில் குறித்துள்ள தொகையைத் தர வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 52ஆவது பிரிவு. எவ்வளவு, எந்த நேரம் வரை என்ற கேள்விகளைச் சட்டம் விதிகளின் பொறுப்பில் விட்டுவிட்டது. பயணியின் கைக்கு வரும் தொகையைத் தீர்மானிப்பவை அந்த விதிகள்தான்.

விமானத்தில் பயணத்தை மாற்றிக்கொள்ள, ரத்து செய்ய இடம் தரும் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குத் தனியாக விற்பார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ரயிலுக்கும் அந்த வழக்கம் உண்டு. இந்திய ரயில்வேயில் அப்படி இரண்டு விலை கிடையாது. உறுதியான தட்கல் டிக்கெட்டைத் தவிர, முன்பதிவு செய்த எந்த டிக்கெட்டையும் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கான விலையை வாங்கும்போது கேட்பதில்லை. ரத்து செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கடிகாரம் கடந்த கால் நூற்றாண்டில் பயணிக்கு எதிராகவே நகர்ந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு விதிகள் இன்று படிப்பவருக்குத் தாராளமாகத் தோன்றும். ரயில் புறப்பட்டுப் போன பிறகும் பாதிக் கட்டணம் திரும்பக் கிடைத்த காலம் அது. 200 கிலோமீட்டர் வரையிலான பயணம் என்றால் ரயில் கிளம்பி 3 மணி நேரம் வரை, 500 கிலோமீட்டர் வரை என்றால் 6 மணி நேரம், அதற்கும் மேல் என்றால் 12 மணி நேரம் வரை அவகாசம் இருந்தது. எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸைத் தவறவிட்டவர் வீட்டுக்குத் திரும்பித் தூங்கி எழுந்து கூட யோசிக்கலாம். 2013 ஜூலை 1 முதல் அந்த அவகாசம் ரயில் புறப்பட்டு 2 மணி நேரம் என்று சுருங்கியது. 2015 நவம்பர் 12 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் எல்லைக் கோட்டை ரயில் புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்னால் கொண்டுபோய் வைத்தன. குறைந்தபட்சப் பிடித்தமும் அன்றே இரண்டு மடங்கானது. தரகர்கள் டிக்கெட்டைப் பதுக்குவதைத் தடுப்பதும், காலியாகும் இடம் காத்திருப்போருக்குப் போய்ச் சேர்வதும் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டாவது காரணம் நியாயமானது. மூன்று மணி நேரம் முன்பு ரத்தாகும் படுக்கையை வெளியூரிலிருந்து வந்து ஏற வேண்டிய ஒருவருக்குக் கொடுப்பது எளிதல்ல.

உறுதியான டிக்கெட்டின் கணக்கு

2015 விதிகள் உறுதியான டிக்கெட்டுக்கு மூன்று படிகளை வகுத்தன. ரயில் புறப்பட 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால், வகுப்பைப் பொறுத்து ஒரு நிலையான தொகை மட்டும் பிடிக்கப்படும். ஏ.சி. முதல் வகுப்புக்கு 240 ரூபாய், ஏ.சி. இரண்டடுக்குக்கு 200, ஏ.சி. மூன்றடுக்குக்கும் ஏ.சி. நாற்காலிப் பெட்டிக்கும் 180, ஸ்லீப்பருக்கு 120, இரண்டாம் வகுப்புக்கு 60. அடுத்து, 48 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம். 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் என்றால் 50 சதவீதம். இந்த இரண்டு படிகளிலும் பிடித்தம் முன்சொன்ன நிலையான தொகைக்குக் கீழே போகாது. 4 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் எதுவும் கிடையாது.

கவனிக்க வேண்டியது, இந்தப் பிடித்தம் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி என்பது. ஒரே டிக்கெட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு முறை பிடிப்பார்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டணத்தில் ஏ.சி. மூன்றடுக்கில் போகவிருந்த நான்கு பேர் குடும்பம் மூன்று நாள் முன்பே ரத்து செய்தால் 720 ரூபாய் போகும். முந்தைய நாள் செய்தால் 1,000 ரூபாய், கிளம்பும் நாளில் ஐந்து மணி நேரம் முன்பு செய்தால் 2,000 ரூபாய். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் 4,000 ரூபாயும் போய்விடும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் அடித்தால் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடும் பழக்கத்துக்கு இந்த விதிகளில் நல்ல விலை இருக்கிறது.

குறைந்தபட்சப் பிடித்தத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஸ்லீப்பர் கட்டணம் 480 ரூபாய்க்குள் இருந்தால் அதில் 25 சதவீதம் 120 ரூபாயைத் தாண்டாது. அப்படிப்பட்ட டிக்கெட்டை ஒரு வாரம் முன்பு ரத்து செய்தாலும், 13 மணி நேரம் முன்பு ரத்து செய்தாலும் பிடித்தம் ஒன்றுதான். ஏ.சி. மூன்றடுக்கில் இந்த எல்லை 720 ரூபாய். குறுந்தூரப் பயணிக்கு அவசரம் இல்லை என்பது இதன் நல்ல பக்கம். கெட்ட பக்கம், சின்ன டிக்கெட்டில் விழும் வெட்டு. 200 ரூபாய் ஸ்லீப்பர் டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே ரத்து செய்தாலும் 120 ரூபாய் போகும், 60 சதவீதம். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஏ.சி. இரண்டடுக்கில் இடம் பிடித்தவர் அதே நாளில் ரத்து செய்தால் இழப்பது 10 சதவீதம். பணம் குறைவாக உள்ளவரிடம் விகிதத்தில் அதிகம் பிடிக்கும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்வது கடினம்.

பிடித்தத்தோடு கணக்கு முடிவதில்லை. ஏ.சி. வகுப்புகளிலும் முதல் வகுப்பிலும் ரத்துக் கட்டணத்தின் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; 180 ரூபாய் 189 ஆகும். ஸ்லீப்பருக்கும் இரண்டாம் வகுப்புக்கும் அந்த வரி இல்லை. இணையத்தில் வாங்கிய டிக்கெட்டில் ஐ.ஆர்.சி.டி.சி. வசூலிக்கும் வசதிக் கட்டணமும் திரும்பாது. 2019 செப்டம்பரில் மீண்டும் வந்த இந்தக் கட்டணம், யு.பி.ஐ. மூலம் பணம் கட்டினால் ஏ.சி. அல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏ.சி.க்கு 20, கார்டு, நெட் பேங்கிங் என்றால் 15, 30, இவற்றின் மேல் வரி. பயணக் காப்பீட்டுக்குக் கட்டிய தொகை அரை ரூபாய்க்கும் குறைவு, அதுவும் வராது.

வெயிட்டிங் லிஸ்டில் நின்றவர்கள்

இடம் உறுதியாகாதவரிடம் ரயில்வே கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுகளை ரயில் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம் என்பது 2015 விதி. ஒரு பயணிக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதி கிடைக்கும். 'கிளார்க்கேஜ்' என்ற இந்தப் பெயர் கவுன்ட்டரில் எழுத்தர் பேரேட்டைப் புரட்டிப் பெயரை அடித்த காலத்தின் மிச்சம். இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது; கட்டணம் மட்டும் எழுத்தர் பெயரிலேயே தொடர்கிறது.

இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் தயாரான பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றால் அது தானாகவே ரத்தாகிவிடும். பயணி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எழுத்தர் கட்டணம் போக மீதி வந்த வழியே வங்கிக் கணக்குக்குத் திரும்பும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. கவுன்ட்டரில் வாங்கிய காகித டிக்கெட்டுக்கு இந்தத் தானியங்கி வசதி இல்லை. அதை வைத்திருப்பவர்தான் நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும். செய்யாதவர்கள் எத்தனை பேர் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருமுறை வெளிவந்தது. 2017 ஜனவரி முதல் 2020 ஜனவரி வரையிலான மூன்றாண்டுகளில் சுமார் ஒன்பதரைக் கோடிப் பயணிகள் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை ரத்து செய்யாமலே விட்டிருக்கிறார்கள். அதனால் ரயில்வேக்குக் கிடைத்தது 4,335 கோடி ரூபாய். உறுதியான டிக்கெட்டுகளை ரத்து செய்தவர்களிடம் பிடித்ததில் வந்தது 4,684 கோடி. இரண்டும் சேர்ந்து மூன்றாண்டில் ஒன்பதாயிரம் கோடியைத் தாண்டுகிறது.

குடும்பமாகப் போகிறவர்கள் அடிக்கடி சிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே டிக்கெட்டில் மூன்று பேருக்கு இடம் உறுதி, நான்காமவர் வெயிட்டிங் லிஸ்டில். அம்மாவை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. இப்படிக் கலந்து வந்த டிக்கெட்டை எல்லோருக்குமாகச் சேர்த்து ரயில் புறப்பட அரை மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம் என்றும், உறுதியானவர்களுக்கும் எழுத்தர் கட்டணம் மட்டுமே பிடிக்கப்படும் என்றும் விதி சொல்கிறது. 25 சதவீதம், 50 சதவீதம் என்ற படிகள் அங்கே வராது. பலருக்கு இது தெரியாது. 'விகல்ப்' திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நிலைமை நேர்மாறு. வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவருக்கு வேறு ரயிலில் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டால், அவர் அதன் பிறகு ரத்து செய்யும்போது உறுதியான டிக்கெட்டாகவே கணக்கிடுவார்கள். அந்த மாற்று ரயில் தனக்கு ஒத்துவராது என்று தோன்றுபவர் முன்பதிவின்போதே 'விகல்ப்' கட்டத்தில் குறியிடாமல் விடுவது நல்லது.

தட்கல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூட வராது. வெயிட்டிங் லிஸ்டில் உள்ள தட்கலுக்கு எழுத்தர் கட்டணம் போக மீதி வரும். ரயில்வேயின் தவறால் பயணம் கெட்டால் மட்டும் உறுதியான தட்கலுக்கும் முழுப் பணமும் உண்டு.

சார்ட் என்னும் கதவு

மணிக்கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் மறந்துவிடுவது சார்ட்டை. யாருக்கு எந்தப் பெட்டியில் எந்தப் படுக்கை என்ற இறுதிப் பட்டியல் அது. அது தயாராகும் வரைதான் இணையத்தில் எடுத்த டிக்கெட்டை வழக்கமான முறையில் ரத்து செய்ய முடியும். நெடுங்காலமாக ரயில் புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பு சார்ட் தயாரானது. பணம் திரும்பும் எல்லையும் 4 மணி நேரமாகவே இருந்ததால் இரண்டும் ஒன்றாகப் பொருந்தின. 2025 ஜூலையிலிருந்து சார்ட்டை 8 மணி நேரம் முன்பே தயாரிக்கும் ஏற்பாடு படிப்படியாக வந்தது. பிற்பகல் 2 மணிக்கு முன் கிளம்பும் ரயில்களுக்கு முந்தைய இரவு 9 மணிக்கே பட்டியல் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்த நேரங்கள் இன்னும் முன்னே தள்ளப்பட்டன. பிற்பகல் 2 மணிக்குப் பின் புறப்படும் ரயில்களுக்கு 10 மணி நேரம் என்று ஆனது. வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குத் தன் நிலை முன்கூட்டியே தெரிகிறது என்பது இதில் லாபம். கடைசி நேரத்தில் மனம் மாறுகிறவருக்கு அதே அளவு நட்டம்.

சார்ட் முன்னே போனால் பணம் திரும்பும் எல்லையும் அதன் பின்னாலேயே போவது இயல்பு. 2026 ஜனவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ஸ்லீப்பர் ரயிலுக்கு வகுத்த தனி விதியில் அது தெரிகிறது. அதில் 72 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தாலே 25 சதவீதம் போகும். 72 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் என்றால் பாதி. 8 மணி நேரத்துக்குள் என்றால் ஒன்றுமில்லை. அதனால் பழைய '4 மணி நேரம்' என்ற நினைப்பிலேயே எந்த ரயிலுக்கும் காத்திருப்பது ஆபத்து. அந்தந்த ரயிலுக்கு அன்றைக்கு உள்ள எல்லையை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தின் ரத்து விதிகள் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் 'நாளைக்குப் பார்ப்போம்' என்ற முடிவுக்கு வர வேண்டும்.

சார்ட் தயாரான பிறகு உள்ள வழியின் பெயர் டி.டி.ஆர். தமிழ்நாட்டில் இந்தப் பெயரால் ஒரு குழப்பம் உண்டு. ரயிலில் டிக்கெட் பரிசோதிக்க வருபவரையும் நாம் டி.டி.ஆர். என்றுதான் அழைக்கிறோம், தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. 'டி.டி.ஆர். போடுங்கள்' என்று கவுன்ட்டரில் சொன்னால், எந்த டி.டி.ஆரிடம் போக வேண்டும் என்று கேட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே பேசப்படும் டி.டி.ஆர்., டிக்கெட்டை ஒப்படைத்ததற்கான ரசீது. பயணம் செய்யவில்லை, இன்ன காரணத்தால் பணம் வேண்டும் என்று முன்வைக்கும் கோரிக்கை. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே பி.என்.ஆர். எண்ணைத் தேர்ந்தெடுத்து, காரணத்தைக் குறித்து இதைப் பதிவு செய்யலாம். ஐ.ஆர்.சி.டி.சி. அதைச் சம்பந்தப்பட்ட மண்டல ரயில்வேக்கு அனுப்பும். பணம் தருவதா வேண்டாமா என்ற முடிவு மண்டல ரயில்வேயின் கையில், ஐ.ஆர்.சி.டி.சி. இடையில் நிற்கும் தபால்காரர்தான். சாதாரண ரத்துக்குச் சில நாட்களில் வரும் பணம், இதில் இரண்டு மூன்று மாதம்கூட எடுக்கும்.

கோரிக்கையை எதைக் கொண்டு சரிபார்க்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால் வீண் அலைச்சல் குறையும். பயணம் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி, ரயிலில் டிக்கெட் பரிசோதகர் தன் பட்டியலில் அல்லது கையில் உள்ள கருவியில் அந்த இருக்கைக்கு நேராக 'வரவில்லை' என்று போட்ட குறி. ரயில் தாமதம் என்பதற்குச் சாட்சி, ரயில்வேயின் ஓட்டப் பதிவு. இரண்டும் ரயில்வேயிடமே இருப்பவை. பயணி சொல்வது அவற்றோடு ஒத்துப்போனால் பணம் வரும்.

தவறு ரயில்வேயுடையது என்றால்

ரயிலையே ரத்து செய்துவிட்டால் பயணியிடம் எந்தப் பிடித்தமும் இல்லை. இணைய டிக்கெட்டுக்கு முழுக் கட்டணமும் தானாகத் திரும்பும், டி.டி.ஆர். தேவையில்லை. கவுன்ட்டர் டிக்கெட்டை 3 நாட்களுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது இந்த 3 நாள் கெடு நடைமுறைக்கு ஒவ்வாததாகி, பிறகு ஆறு மாதமாகவும் ஒன்பது மாதமாகவும் நீட்டிக்கப்பட்டது. கவுன்ட்டர் டிக்கெட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் அப்போது பிழைத்தார்கள்.

ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்ய விரும்பாதவருக்கு முழுக் கட்டணமும் உண்டு. இதில் இரண்டு நிபந்தனைகள் பலரின் பணத்தை விழுங்கியிருக்கின்றன. முதலாவது, தாமதத்தை அளப்பது பயணி ஏற வேண்டிய நிலையத்தில். வழியில் எங்கோ மூன்றரை மணி நேரம் தாமதமாகி, வேகம் பிடித்து இங்கே இரண்டே முக்கால் மணி நேரத் தாமதத்தில் வந்தால் கோரிக்கை நிற்காது. ஏறும் நிலையத்தை மாற்றிக்கொண்ட தட்கல் பயணிக்கு, மாற்றிய நிலையம் கணக்கில் வராது. டிக்கெட்டில் முதலில் குறித்த நிலையம்தான். இரண்டாவது, கோரிக்கையை ரயில் உண்மையில் புறப்படுவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் அதற்குள் ஒப்படைத்துவிட வேண்டும். கோபத்தோடு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, நிதானமாக டி.டி.ஆர். போடுவதற்குள் ரயில் கிளம்பியிருக்கும்.

வழி மாற்றி விடப்பட்ட ரயில் பயணியின் நிலையத்தைத் தொடாமல் போனாலும், மாற்று வழியில் போக அவர் விரும்பாவிட்டாலும் முழுப் பணம் கிடைக்கும். வாங்கிய வகுப்பில் இடம் தராமல் கீழ் வகுப்பில் ஏற்றினால் கட்டண வித்தியாசம் கிடைக்கும். இதற்குப் பரிசோதகரிடம் எழுத்துச் சான்று வாங்குவது அவசியம். இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு எழுதும் புகார்கள் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஏ.சி. வேலை செய்யாமல் போவது தனி வகை. மே மாதத்தில் அடைத்த கண்ணாடிப் பெட்டியில் எட்டு மணி நேரம் வெந்தவருக்கு முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும் என்றுதான் தோன்றும். விதி அவ்வளவு தராது. ஏ.சி. ஓடாத தூரத்துக்கு மட்டும், ஏ.சி. கட்டணத்துக்கும் ஏ.சி. இல்லாத வகுப்பின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம். மூன்றடுக்கு என்றால் ஸ்லீப்பர் கட்டணத்தோடு ஒப்பிடுவார்கள். நாற்காலிப் பெட்டி என்றால் இரண்டாம் வகுப்போடு. ஜன்னலைத் திறக்கக்கூட முடியாத பெட்டியை ஜன்னல் உள்ள ஸ்லீப்பரோடு சமமாக வைக்கும் கணக்கு இது. இதற்கும் ரயிலில் இருக்கும்போதே கார்டிடமோ பரிசோதகரிடமோ சான்று பெற்று, ரயில் சேருமிடத்தை அடைந்த 20 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும்.

பாதி வழியில் பயணம் நிற்பதும் உண்டு. 2023 டிசம்பர் 17 இரவு பெருமழையில் தண்டவாளம் அரிக்கப்பட்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் மாட்டிக்கொண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம், விபத்து, மறியல் போன்ற காரணங்களால் ரயில் இடையில் நிற்கும்போது, பயணியைச் சேருமிடத்துக்குக் கொண்டுசேர்க்க ரயில்வே மாற்று ஏற்பாடு செய்ய முடியாமல் போனால் முழுப் பயணத்துக்கான கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும். ஏற்பாடு செய்தும் பயணி அதை ஏற்கவில்லை என்றால், பயணம் செய்த தூரத்துக்கான கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

ஒரு ரயில் தாமதமானதால் அடுத்த ரயிலை விட்டவர்களுக்கு 2019 ஏப்ரல் வரை பெரிய ஆறுதல் எதுவும் இல்லை. அதன் பிறகு இரண்டு பி.என்.ஆர். எண்களை ஒன்றாக இணைக்கும் வசதி வந்தது. மதுரையிலிருந்து சென்னை வந்து, சென்னையிலிருந்து ஹவுரா போகிறவர் இரண்டு டிக்கெட்டிலும் தன் பெயர், வயது உள்ளிட்ட விவரங்களை ஒரே மாதிரி கொடுத்து இணைத்துக்கொண்டால், முதல் ரயிலின் தாமதத்தால் தவறிய இரண்டாவது ரயிலுக்கான கட்டணத்தைப் பிடித்தமின்றிப் பெறலாம். இணைக்காவிட்டால் அது அவர் வராமல் விட்ட ரயில், அவ்வளவுதான்.

காகித டிக்கெட்டும் சாதாரண டிக்கெட்டும்

கவுன்ட்டரில் வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்ய கவுன்ட்டருக்கே ஓட வேண்டும் என்ற நிலை 2016இல் கொஞ்சம் மாறியது. முன்பதிவுப் படிவத்தில் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தவர், 139 எண்ணை அழைத்தோ ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலோ, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்லி உரிய நேரத்துக்குள் ரத்து செய்துவிடலாம். கடிகாரம் அங்கேயே நின்றுவிடும். பணத்தை மட்டும் பிறகு கவுன்ட்டரில் போய்க் காகித டிக்கெட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். படிவத்தில் எண்ணை எழுதாமல் விட்டவருக்கும், ஏஜென்டின் எண்ணை எழுத அனுமதித்தவருக்கும் இந்த வழி அடைபட்டுவிடும்.

காகித டிக்கெட் தொலைந்தால் பணம் கேட்க முடியாது. நகல் டிக்கெட் வாங்கித்தான் பயணம் செய்ய வேண்டும். சார்ட் தயாராவதற்கு முன் என்றால் ஸ்லீப்பருக்கும் இரண்டாம் வகுப்புக்கும் 50 ரூபாய், மற்ற வகுப்புகளுக்கு 100 ரூபாய். சார்ட்டுக்குப் பின் என்றால் கட்டணத்தில் பாதி.

முன்பதிவில்லாச் சாதாரண டிக்கெட்டை, வாங்கிய 3 மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் 30 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி தருவார்கள். சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் செங்கல்பட்டுக்கோ அரக்கோணத்துக்கோ போக வாங்கிய டிக்கெட்டில் பிடித்தம் போகத் திரும்ப ஒன்றும் மிஞ்சாது. கைப்பேசிச் செயலியில் காகிதமில்லாமல் எடுத்த சாதாரண டிக்கெட்டை ரத்து செய்யவே முடியாது.

ரத்து செய்யாமலே பணத்தைக் காப்பாற்றும் ஒரு வழியும் இருக்கிறது. உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில், டிக்கெட்டோடும் உறவுமுறைக்கான சான்றோடும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு ஒருமுறைதான். மருமகனும் மாமனாரும் பட்டியலில் இல்லை.

மறுக்கப்பட்டால்

கோரிக்கை நிராகரிக்கப்பட்டவருக்குக் கடைசிக் கதவு ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 1989 நவம்பரில் செயல்படத் தொடங்கிய இந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. விபத்து இழப்பீடும் சரக்கு இழப்பும்தான் அதன் பெரும்பாலான வழக்குகள் என்றாலும், கட்டணத்தைத் திரும்பப் பெறும் வழக்குகளும் அதன் அதிகாரத்துக்குள் வருபவை. தாமதத்தால் ஏற்பட்ட நட்டத்துக்கு இழப்பீடு கேட்பது வேறு வழக்கு. அதற்கு நுகர்வோர் ஆணையம். அஜ்மீர் – ஜம்மு எக்ஸ்பிரஸ் நான்கு மணி நேரம் தாமதமானதால் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குத் தகுந்த காரணத்தை விளக்க ரயில்வேயால் முடியவில்லை என்பதே அதன் அடிப்படை.

நடைமுறையில் பெரும்பாலோர் இவ்வளவு தூரம் போவதில்லை. நூறு ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் ராஜஸ்தானின் கோட்டா நகரத்துப் பொறியாளர் ஒருவர் 35 ரூபாய்க்குப் போராடினார். 2017 ஜூலை 2ஆம் தேதிப் பயணத்துக்காக ஏப்ரலில் 765 ரூபாய்க்கு எடுத்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றதால் ரத்து செய்தார். 65 ரூபாய் பிடிக்க வேண்டிய இடத்தில் 100 ரூபாய் பிடித்திருந்தார்கள். ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பே ரத்தான டிக்கெட்டுக்குச் சேவை வரி என்ற பெயரில் கூடுதலாக 35 ரூபாய். பல தகவல் உரிமை மனுக்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் பிறகு 2019இல் 33 ரூபாய் வந்தது. குறைந்த 2 ரூபாய்க்காக அவர் மேலும் மூன்று ஆண்டுகள் எழுதினார். 2022இல் அந்த 2 ரூபாய் வந்தது. அதே முறையில் பணம் இழந்த 2.98 லட்சம் பேருக்கு 2.43 கோடி ரூபாயைத் திருப்பித் தரவும் ஒப்புதல் வந்தது.